எக்ஸ்ரேயில் பிறை

கீழக்கரை ஜெட்டியில்
எல்லோரும் மேற்கே பார்க்கிறார்கள்.
ஏர்வாடிப் பக்கம் மேகம்.
மீன் வாளியோடு வந்த பையன்கள்கூடக்
கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.
நான் வலைக் குவியல்மேல்
இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
என் பிறையைப் போன மாசமே பார்த்தாயிற்று.

மதுரையில்,
எக்ஸ்ரே அறையின் குளிர்ந்த மேசையில்
தவளை மாதிரிக் காலை மடக்கி
அகட்டிப் போடச் சொன்னாள் ஒருத்தி.
தவளைக்கு வலிக்காது போல.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் சொருகிப்
பேனா முனையால் தொட்டார்:
தொடை எலும்பின் உருண்டைத் தலை,
ஓட்டுக்கு அடியில்
நகம் கீறினதுபோல் ஒரு கறுப்பு வளைவு.
"இதைப் பிறை என்றுதான் சொல்வோம், கிதுரு.
உள்ளே எலும்பு செத்துவிட்டது.
மேலோடு மட்டும் நிற்கிறது. இனி அமுங்கும்."
வளர்பிறையா தேய்பிறையா என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ரத்தத்தில் ஏற்கெனவே கோடிப் பிறை.
வட்டமாய் உருள வேண்டியது
அரிவாளாய் வளைந்து
ஒன்றின் கொக்கியில் ஒன்று மாட்டிச்
சந்து முனையில் நின்றுவிடுகிறது,
திரும்ப முடியாத தண்ணி லாரி மாதிரி.
குடங்கள் வரிசையில் காய்கின்றன.
கடைசி வீட்டுக்கு என்றைக்கும் தண்ணீர் இல்லை.
அந்தக் கடைசி வீடு என் இடுப்பு.

பத்தொன்பதில் ஐஸ் கம்பெனி வேலை.
பாளம் இழுக்கும் கொக்கி,
கணுக்கால் வரை குளிர்த்தண்ணீர்.
முதலில் வலித்தது முழங்கால்தான்.
எட்டு மாசம் முழங்காலுக்கே
தைலம் தேய்த்தாள் உம்மா.
வலி
பக்கத்து வீட்டு விலாசத்தைக் கொடுத்து
ஏமாற்றியிருக்கிறது.

இப்போது பள்ளியில் எனக்கு நாற்காலி.
பின்வரிசை ஓரம்,
எழுபது வயசுக்காரர்கள் நடுவே இருபத்தேழு.
எல்லா நெற்றியும் பாயைத் தொடும்போது
நான் மட்டும் காற்றில் கொஞ்சம் குனிகிறேன்.
யார் சட்டை தோளில் கிழிந்திருக்கிறது,
யார் குதிகாலில் படகுத் தார்,
பார்க்கக் கூடாத நேரத்தில்
எனக்குத்தான் எல்லாம் தெரிகிறது.

நோன்பும் கூடாது. தண்ணீர் குறைந்தால்
ரத்தம் சிக்கிக்கொள்ளும்.
முப்பது நாளுக்கு முப்பது பேர் சாப்பாட்டை
அரிசியாய் அளந்து வைத்துவிட்டாள் உம்மா.
ஆபரேஷன் கணக்கு வேறு.
செயற்கை மூட்டும் ஒருநாள் தேயுமாம்.
சின்ன வயசு, முடிந்தவரை தள்ளிப்போடு என்றார்கள்.
தள்ளிப்போட்டுக்கொண்டுதான்
படி ஏறுகிறேன்.

பெருநாள் கழிந்து தங்கச்சி பரிதாவுக்கு நிக்காஹ்.
மாப்பிள்ளை மாமி மகன் சீனி நைனா.
"அன்னியமா என்ன, நம்ம ரத்தம்தானே"
என்று ஒவ்வொருவரும் சிரிக்கும்போது
எனக்கு இடுப்பில் சுள்ளென்கிறது.
வாப்பாவிடம் பாதி இருந்தது,
உம்மாவிடம் பாதி.
அவர்கள் ஒருநாளும் படுத்ததில்லை.
பாதிகள் சேர்ந்த இடத்தில் நான்.
பரிதாவுக்கும் பாதி. அந்த ரிப்போர்ட்
அலமாரியில் பட்டுச் சேலைக்கு அடியில்.
வாயைத் திறக்காதே என்றாள் உம்மா.
பரிதா ஒன்றும் சொல்லவில்லை.
நான் கிளம்பும்போது
என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்,
ஊன்றுகோலையும்.

"நைனா, இங்கே வா."
மேற்கிலிருந்து கண்ணை எடுக்காமலே வந்தான்.
"நிக்காஹ்வுக்கு முன்னால் நீ ஒரு
ரத்தப் பரிசோதனை செய்துகொள்.
ராமநாதபுரத்தில் எடுக்கலாம்.
ஒரு ஊசிக் குத்துதான்."
ஏன் என்று கேட்கவில்லை.
"இருந்தா?" என்றான்.

அப்போது யாரோ "அதோ!" என்று கத்த
கூட்டமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது.
நைனா திரும்பவில்லை.
நீட்டின என் காலையே
பார்த்துக்கொண்டு நின்றான்.
மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

எழும்போது முதல் அடிதான் மோசம்.
கை கொடுத்தான்.
தெருமுனையில் எதிர்ப்பட்டவர்கள்
பிறை பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.
பார்த்தோம் என்றோம்,
இரண்டு பேரும்.